‘கட்டலைன்னா போலீஸோட வர்றோம்!’ - செக் பவுன்ஸ் ஆனால் வசூல் ஏஜென்ட்டுகள் எதுவரை போகலாம்?

“சார், உங்க செக் ரிட்டர்ன் ஆயிடுச்சு. 138-ல கேஸ் போட்டாச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா வாரன்ட். போலீஸோட வீட்டுக்கு வர்றோம்!”

இப்படி ஒரு போன் வந்தால், முதல் பத்து நிமிஷத்துக்கு யாருக்கும் கை கால் ஓடாது. நண்பர்களிடம் கேட்போம், இன்னொரு லோன் ஆப்பைத் திறப்போம், அம்மாவின் வளையல் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பதற்றத்தை நம்பித்தான் அந்த போனே வருகிறது. கொஞ்சம் மூச்சுவிட்டு, அந்த நாலு வரியையும் பிரித்துப் பாருங்கள். செக் ரிட்டர்ன் ஆனது உண்மையாக இருக்கலாம். 138 என்கிற சட்டப் பிரிவும் உண்மை. ஆனால், செக் திரும்பிய சில நாளிலேயே ‘கேஸ் போட்டாச்சு’ என்றால் அது பொய். ‘சாயங்காலம் வாரன்ட்’ என்பதும் பொய். ‘போலீஸோட வர்றோம்’ என்பது மிரட்டல்.

‘ஜிபே காலத்தில் செக்கா?’ என்று கேட்பவர்கள், ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் வாடகை வீடு தேடிப் பார்க்கலாம். மந்தைவெளியிலிருந்து கிரீன்வேஸ் ரோடு பறக்கும் ரயில் நிலையம் வரைக்கும் உள்ள தெருக்களில், அட்வான்ஸுக்கோ வாடகைக்கோ செக் கேட்கும் ஹவுஸ் ஓனர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பைக் லோன், பர்சனல் லோன் போட்டால் ‘சும்மா செக்யூரிட்டிக்கு’ என்று இரண்டு மூன்று செக் லீஃபில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். தொகை எழுதாமல், தேதி எழுதாமல்.

செக்கே தராதவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. இ.எம்.ஐ-க்காக வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க ‘நாச்’ முறையில் அனுமதி தந்திருப்பீர்கள். கணக்கில் காசு இல்லாமல் அது திரும்பினால், 2007-ம் ஆண்டு வந்த பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-வது பிரிவு, செக் பவுன்ஸுக்கு என்ன தண்டனையோ அதையே இதற்கும் வைத்திருக்கிறது.

138 என்றால் என்ன?

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ம் ஆண்டில் வந்தது. செக் பவுன்ஸ் ஆவதைக் குற்றமாக்கும் 138-வது பிரிவு அதில் நூறு வருஷம் கழித்துத்தான் சேர்ந்தது. 1989 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. தண்டனை அதிகபட்சம் இரண்டு வருட சிறை, அல்லது செக் தொகையைப்போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. விளையாட்டான விஷயம் இல்லை. ஆனால், அந்தத் தண்டனை வரைக்கும் போக சட்டம் சில படிகளைப் போட்டிருக்கிறது. ஒரு படியைத் தாண்டினாலும் வழக்கு நிற்காது.

தேதி போட்டுப் பார்த்தால் சுலபமாகப் புரியும். உங்கள் செக் திரும்பிவிட்டதாக ஜூன் 3-ம் தேதி வங்கி ரிட்டர்ன் மெமோ கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செக்கை வாங்கியவர் அதிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஜூலை 3-க்குள், பணத்தைக் கேட்டு உங்களுக்கு எழுத்துபூர்வமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். போனில் மிரட்டுவது நோட்டீஸ் ஆகாது. அது ஜூலை 8-ம் தேதி உங்கள் கைக்கு வந்தால், ஜூலை 23 வரை 15 நாள் உங்களுடையது. அதற்குள் செக் தொகையைக் கட்டிவிட்டால் 138-ல் குற்றமே இல்லை. கட்டவில்லை என்றால்தான், அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க முடியும். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் கோர்ட் அதை மன்னிக்கலாம்.

ஆக, செக் திரும்பிய அடுத்த வாரமே ‘கேஸ் ஃபைல் ஆயிடுச்சு’ என்று ஒருவர் சொன்னால், அவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

போலீஸ் விஷயம் இன்னும் தெளிவு. 138 என்பது போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்யும் வகைக் குற்றம் கிடையாது. செக் வாங்கியவர் கோர்ட்டில் எழுத்துபூர்வமாகக் கொடுக்கும் புகாரில்தான் வழக்கு ஆரம்பிக்கும். ஜாமீனில் விடக்கூடிய குற்றமும்கூட. கோர்ட் முதலில் அனுப்புவது சம்மன், வாரன்ட் இல்லை. ஆனால் ஒன்று, ‘சம்மன்தானே’ என்று போகாமல் விட்டால் பிறகு கோர்ட்டே வாரன்ட் போடும். நிறைய பேர் மாட்டுவது இந்த இடத்தில்தான். செக்கால் வராத வாரன்ட், அலட்சியத்தால் வந்துவிடும்.

அதேபோல, ‘போஸ்ட்மேன்கிட்ட வாங்க மாட்டேன்னு சொல்லிட்டேன், நோட்டீஸே வரலைன்னு சொல்லிக்கலாம்’ என்று ஒரு ஐடியா பல வருஷமாக ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சரியான முகவரிக்கு வந்த பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பினாலும் அது கிடைத்ததாகத்தான் கணக்கு என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் நிஜமாகவே வரவில்லை என்பவர்களுக்கும் அதே தீர்ப்பில் வழி இருக்கிறது. கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம்.

‘ஸ்டாப் பேமென்ட் கொடுத்துட்டா போதும்’, ‘அக்கவுன்ட்டையே க்ளோஸ் பண்ணிட்டா போதும்’, ‘கையெழுத்தை மாத்திப் போட்டா போதும்’ என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். மூன்றுக்கும் 138 பொருந்தும் என்று தனித்தனியாகத் தீர்ப்புகள் இருக்கின்றன. ‘ஒருவாட்டி பவுன்ஸ் ஆகி, அவன் நோட்டீஸ் கொடுத்தும் கேஸ் போடலை, இனி ஒண்ணும் இல்லை’ என்பதும் தப்புக்கணக்கு. செக் தேதியிலிருந்து மூன்று மாதம் வரை அதை மறுபடி வங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால் புதிதாக வழக்கும் போடலாம். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

இன்னொரு சமாச்சாரம். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை செக் கொடுத்துவிட்டு, ‘திங்கள், செவ்வாய்க்குள் சம்பளம் வந்துடும்’ என்று தைரியமாக இருப்போம். 2025 அக்டோபர் 4-லிருந்து செக்குகள் தொடர்ச்சியாக கிளியரிங்குக்குப் போகின்றன. பாஸா, ரிட்டர்னா என்று இரவு 7 மணிக்குள் தெரிந்துவிடுகிறது. கணக்கில் பணம் இல்லாமல் ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று செக் கொடுக்கும் பழக்கத்தை இனி விட்டுவிடுவது நல்லது.

வசூலுக்கு வருபவர் கையில் என்ன இருக்க வேண்டும்?

கடனை வசூலிக்க ஆள் வைப்பது தப்பில்லை. வங்கிகளுக்கு அந்த உரிமை இருக்கிறது. எப்படி வசூலிக்கிறார்கள் என்பதில்தான் ரிசர்வ் வங்கி கோடு போட்டிருக்கிறது. அடியாட்களை அனுப்பிக் கடன் வசூலிக்கும் வழக்கத்தை 2007-லேயே ஒரு தனியார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வசூல் ஏஜென்ட்டுகளுக்கென்று விரிவான விதிகளைக் கொண்டுவந்தது. 2022 ஆகஸ்ட் 12-ம் தேதி சுற்றறிக்கை அவற்றை இன்னும் இறுக்கியது.

அதன்படி காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக உங்களை அழைக்கக் கூடாது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். விடாமல் போன் போட்டுக்கொண்டே இருப்பது, பெயர் சொல்லாமல் மிரட்டுவது, அசிங்கமான மெசேஜ் அனுப்புவது, பொய் சொல்லிப் பயமுறுத்துவது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது எல்லாமே தடை. உங்கள் குடும்பத்தார், நண்பர்கள், லோன் ஃபார்மில் ‘ரெஃபரன்ஸ்’ என்று நீங்கள் பெயர் கொடுத்தவர் ஆகியோரின் நிம்மதியில் தலையிடுவதும் அதே பட்டியலில் வருகிறது.

அபார்ட்மென்ட் வாசலில் நின்று வாட்ச்மேனிடம், “எந்த ஃப்ளாட்ல இருக்கான் அந்த லோன் பார்ட்டி?” என்று சத்தமாகக் கேட்பார்களே, அதுவும் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிற வேலைதான். ஆபீஸ் ரிசப்ஷனில் வந்து உட்கார்ந்துகொள்வதும் அப்படித்தான்.

வீட்டுக்கு வரும் ஏஜென்ட்டிடம் ஐ.டி. கார்டும், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். அவர் எந்த ஏஜென்சி என்பதை வங்கி உங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். “கார்டைக் காட்டுங்க, ஒரு போட்டோ எடுத்துக்குறேன்” என்று கேளுங்கள். இந்த ஒரு வரியிலேயே பாதிப் பேரின் குரல் இறங்கிவிடும். வீட்டுக்குள் விடவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

2008 விதிகளில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. கடன் சம்பந்தமாக நீங்கள் கொடுத்த புகார் வங்கியில் நிலுவையில் இருந்தால், அதை முடித்துவைக்கும் வரை உங்கள் கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது. வேண்டுமென்றே அற்பமான புகார்களாகக் கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் நியாயமான புகார் இருந்தால், ‘இ.எம்.ஐ. கணக்கு தப்பு’, ‘பவுன்ஸ் சார்ஜ் இரண்டு தடவை போட்டிருக்கீங்க’ என்பது போல, அதை முதலில் மெயிலில் பதிவு செய்துவிடுங்கள். போனில் கத்துவதால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது, மெயிலால் கிடைக்கும்.

குடும்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பையன் கட்டலைன்னா அப்பாதான் கட்டணும்’ என்பது உண்மையில்லை. கேரன்டி கையெழுத்துப் போடாதவர் மீது கடன் பொறுப்பு வராது. கணவன் - மனைவி ஜாயின்ட் அக்கவுன்ட் செக்காக இருந்தாலும், கையெழுத்துப் போடாதவர் மீது 138 வழக்கு போட முடியாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

லோன் ஆப் என்றால்...

ஆப் மூலம் கடன் தருபவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் தனியாக இருக்கின்றன. உங்கள் போனில் உள்ள கான்டாக்ட் லிஸ்ட், கேலரி, கால் ஹிஸ்டரி எதையும் ஆப் தொடக் கூடாது. கேமரா, லொகேஷன் போன்றவற்றைக்கூட, கே.ஒய்.சி-க்காக ஒரே ஒரு தடவை, உங்கள் சம்மதத்தோடுதான். வசூலுக்கு ஆள் அனுப்பினால், அந்த ஆள் உங்களைத் தொடர்புகொள்வதற்கு முன்பே அவரைப் பற்றிய விவரம் எஸ்.எம்.எஸ்-ஸிலோ மெயிலிலோ வந்திருக்க வேண்டும். முறையான வங்கியோ நிதி நிறுவனமோ பின்னால் இருக்கிற ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் ஆப் அதில் இல்லையென்றால் ‘சசேத்’ தளத்தில் புகார் கொடுங்கள். போட்டோவை மார்ஃபிங் செய்து அனுப்பி மிரட்டினால், அது வசூல் பிரச்னையே அல்ல, சைபர் குற்றம். 1930-க்கு போன் செய்யுங்கள்.

தண்டல்காரரிடம் செக் கொடுத்திருந்தால்?

இங்கேதான் நிலைமை நிஜமாகவே மோசம். வங்கி ஏஜென்ட் மீது புகார் சொல்ல ரிசர்வ் வங்கி இருக்கிறது. தண்டல்காரருக்கு மேலே யாரும் இல்லை. 20,000 ரூபாய் கொடுத்துவிட்டு, தொகை எழுதாத செக்கை வாங்கி வைத்திருப்பார். வாக்குவாதம் வந்தால் அதில் 2 லட்சம் என்று எழுதி வங்கியில் போடுவார். ‘நான் வெறும் செக்தானே கொடுத்தேன்’ என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? கஷ்டம்தான். விரும்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கில் மற்ற விவரங்களை வேறொருவர் எழுதியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது நீங்கள்தான் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு திருப்பிக் கட்டினீர்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருந்தால் மட்டுமே அதை உடைக்க முடியும். கையில் காசாகக் கட்டாதீர்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். யு.பி.ஐ-யில் அனுப்பினால் ஒவ்வொரு ரூபாய்க்கும் தடம் இருக்கும்.

தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தின வட்டி, மணி நேர வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஊர் வழக்குப் பெயர்களையே அப்படியே எழுதி வைத்திருக்கும் சட்டம் அது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவர் தான் தரவேண்டிய தொகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டு நிவாரணம் கேட்கவும் அதில் வழி உண்டு. சட்டம் வந்து பதினான்கு வருடம் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள். சட்டம் காகிதத்தில் இருப்பது வேறு, புகாரைக் கேட்டதும் நடவடிக்கை எடுப்பது வேறு.

2025-ல் தமிழக அரசு இன்னொரு சட்டத்தையும் கொண்டுவந்தது. கடன் தரும் நிறுவனங்கள் கடன் வாங்கியவரையோ குடும்பத்தையோ மிரட்டி, பின்தொடர்ந்து, பலவந்தமாக வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் இது. மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது இந்த இரண்டு சட்டங்களின் பெயரையும், மிரட்டலுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 351-வது பிரிவையும் குறிப்பிட்டே எழுதுங்கள். ‘இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கங்க’ என்று திருப்பி அனுப்புவது அப்போது கொஞ்சம் சிரமம். ராஜா அண்ணாமலைபுரத்துக்காரர்கள், உங்கள் தெரு அபிராமபுரம் ஸ்டேஷன் எல்லையா, பட்டினப்பாக்கமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

போன் வந்தால் என்ன செய்யலாம்?

முதலில் ரெக்கார்டிங்கை ஆன் செய்யுங்கள். பெயர், ஏஜென்சி, எந்தக் கடன், எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். “எல்லாத்தையும் மெயில்ல அனுப்புங்க” என்று சொல்லி வைத்துவிடுங்கள். திட்டினால் திருப்பித் திட்டாதீர்கள்; அந்த ரெக்கார்டிங் நாளைக்கு உங்களுக்கு எதிராகவும் ஓடும்.

‘கோர்ட் நோட்டீஸ்’ என்று வாட்ஸ்அப்பில் அசோகச் சின்னம் போட்ட பி.டி.எஃப். வந்தால் பயப்படவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். இப்போதெல்லாம் சம்மனை மின்னணு வழியில் அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எனவே சரிபார்ப்பதுதான் வழி. உண்மையான வழக்குக்கு சி.என்.ஆர். என்ற 16 இலக்க எண் இருக்கும். ‘இ-கோர்ட்ஸ்’ ஆப்பில் அதைப் போட்டாலோ, உங்கள் பெயரைத் தேடினாலோ, எந்தக் கோர்ட், எப்போது ஹியரிங் என்று வந்துவிடும். வழக்கு உங்கள் ஏரியா கோர்ட்டில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். செக்கை வாங்கியவரின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டில்தான் 138 வழக்கு நடக்கும். அது சைதாப்பேட்டையாகவும் இருக்கலாம், மும்பையாகவும் இருக்கலாம்.

வங்கியோ நிதி நிறுவனமோ தவறு செய்தால், முதலில் அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன். சி.எம்.எஸ். தளத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம், உதவிக்கு 14448. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், வக்கீல் கட்டாயமில்லை. கிரீன்வேஸ் சாலையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தைத் தினமும் தாண்டிப் போகிற நம்மில் பலருக்கு, இலவசச் சட்ட உதவிக்கு ஒரு போன் நம்பர் இருப்பதே தெரியாது. அது 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் வக்கீல் கிடைப்பார்.

பேசி முடிப்பதாக இருந்தால்

கடன் உண்மை என்றால் கட்டத்தான் வேண்டும். ஏஜென்ட் அத்துமீறினார் என்பதால் பாக்கி ரத்தாகாது. 2019 டிசம்பர் 31 நிலவரப்படி நாட்டில் நிலுவையில் இருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35.16 லட்சம் செக் வழக்குகள். அந்த வரிசையில் நின்று வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு லீவு போடுவதைவிட, பேசி முடிப்பது பெரும்பாலும் லாபம். வழக்கின் எந்தக் கட்டத்திலும் இரு தரப்பும் சமாதானமாகப் போக 138-ல் இடம் உண்டு. வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவிகிதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்ல 2018 திருத்தத்தின்படி கோர்ட்டுக்கு அதிகாரம் இருப்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாதிப் பணம் கட்டினால், கட்டிய தொகையைச் செக்கின் மேலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது பழைய செக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு மீதிக்குப் புதுச் செக் கொடுங்கள். பாதி வாங்கிக்கொண்டும் முழுத் தொகைக்கான செக்கை அப்படியே வங்கியில் போட்டால் 138 குற்றம் ஆகாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆனால் பாதி கட்டியதை நிரூபிக்கவேண்டியது நீங்கள்.

பணத்தை ஏஜென்ட்டின் சொந்த யு.பி.ஐ. ஐ.டி-க்கு அனுப்பாதீர்கள். கடன் கணக்குக்கே நேராகக் கட்டுங்கள். ‘செட்டில்மென்ட்’ என்று தொகையைக் குறைத்து முடித்தால் கிரெடிட் ரிப்போர்ட்டில் ‘க்ளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். அடுத்த லோனுக்குப் போகும்போது அது இடிக்கும். முழுசாகக் கட்ட முடிந்தவர்கள் முழுசாகக் கட்டுவது நல்லது. முடித்ததும் நிலுவை இல்லை என்ற கடிதத்தையும், கொடுத்த செக் லீஃப்கள் அத்தனையையும் எண்ணித் திருப்பி வாங்குங்கள். தொலைந்துவிட்டது என்றால் அதை எழுதி வாங்கிக்கொண்டு, அந்த செக் நம்பர்களுக்கு வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிடுங்கள்.